பூட்டு திறந்த கூலி

மார்ச் 6

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அடித்துவிட்டேன். போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான தீனி கிடைத்திருக்கிறது. அதனால்தான் காகிதம்.

போன மாதம் ஒரு நாள், ஆஸ்பத்திரி லாண்டரியில் பொழுது முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே ஃபிரிட்ஜ் மேல் மஞ்சள் ஸ்டிக்கர். டிவி மேல் ஸ்டிக்கர். அலமாரி மேல், என் தையல் மெஷின் மேல். எல்லாவற்றிலும் 'ஜப்தி செய்யப்பட்டது' என்று கொட்டை எழுத்து. உன் அத்தான் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யார் கதவைத் திறந்தது என்று கேட்டேன். "உன் தம்பிதான். கோர்ட் அமீனாகூடப் பையோட வந்தான். பூட்டைத் திறந்தான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

டாக்ஸிக்கு வாங்கிய கடன் எங்கள் கடன்தான். அவர் கால் முறிந்து வண்டி நின்றதிலிருந்து தவணை கட்டவில்லை, கோர்ட் உத்தரவு போட்டது, அமீனா வந்தார். அதெல்லாம் முறைப்படி நடந்ததாகவே இருக்கட்டும். ஊரில் பூட்டுத் திறக்கிறவன் நீ ஒருத்தன்தானா? என் வீட்டுக் கதவு என்று தெரிந்தும் உனக்குக் கை எழுந்ததா?

இன்றைக்கு அமீனா ஆபீஸிலிருந்து செலவுக் கணக்கு வந்திருக்கிறது. எங்களை ஜப்தி செய்ய அவர்களுக்கு ஆன செலவாம். அதையும் நாங்கள்தான் கட்டவேண்டுமாம். கடனில் பாதிக்கு மேல் வருகிறது. ஏப்ரல் நடுவுக்குள் கட்டாவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தையல் மெஷின் போனால் வீட்டு வாடகையும் போச்சு என்று உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. லாண்டரிச் சம்பளம் சாப்பாட்டுக்கே சரியாகப் போகிறது.

அந்தக் கணக்கில் ஒரு வரி: பூட்டு திறந்த கூலி. என் கதவைத் திறந்ததற்கு உனக்கு நானே கூலி தரவேண்டும் என்கிறார்கள். என்ன வாங்கினாய் அந்தக் காசில்? நல்லதாகவே வாங்கியிருப்பாய். நன்றாக இரு.

உன்னோடு பிறந்தவள்

*

மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சாவி வெட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் மெஷினை நிறுத்திவிட்டேன். சாவிக்காக நின்றிருந்த ஒரு அம்மா, "என்னப்பா, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். எங்க அக்கா என்னைத் திருடன் என்கிறாள் என்று சொல்ல முடியுமா? ஒன்றுமில்லை என்றேன்.

உன் கதவை நான் திறக்கவில்லை. இன்னொரு தடவையும் எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். நான் திறக்கவில்லை.

காலையில் அமீனா போன் பண்ணினார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வீடு, வந்து நில்லு என்றார். எனக்கு வேலை கொடுக்கிற ஆபீஸ், போனேன். சந்துக்குள் திரும்பிய பிறகுதான் எந்த வாசல் என்று தெரிந்தது. மாடிப்படியில் நின்றுகொண்டு உன் ஜன்னல் திரையைப் பார்த்தேன். பழைய புடவையில் நீ தைத்தது. "இது எங்க அக்கா வீடுங்க, என்னால ஆகாது" என்றேன். அவர், "அக்கா வீடா இருந்தா என்ன, பூட்டு பூட்டுதானே?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சல்லிக் காசு வாங்கவில்லை. பஸ் காசுகூட என் கையிலிருந்துதான் போனது.

உன்னிடம் சொல்ல நேராக லாண்டரிக்கு வந்தேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சாயங்காலம் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மறுநாள் பண்ணினேன், எடுத்தாய், ஹலோ என்று முடிக்குமுன் வைத்துவிட்டாய். சரி, ஜப்தியில் நொந்துபோயிருக்கிறாள், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். நான்தான் திறந்தேன் என்று உனக்குள் முடிவு கட்டிவைத்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு கேள்வி கேட்கக்கூடவா நான் லாயக்கில்லாமல் போனேன்?

நான் போன பிறகு வேறு ஆளைக் கூட்டிவந்திருப்பார்கள். அத்தான் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டு நான்தான் என்று நினைத்திருக்கலாம். கணக்கில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று எழுது. உனக்காகக் கேட்கவில்லை. என் பேரில் இன்னொருத்தன் வாங்கிய கூலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

நீ சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. உன் அத்தான் பொய் சொல்லவேண்டிய அவசியம் என்ன? அதனால் அதை அப்படியே விடுகிறேன். கணக்கைக் கேட்டாய், எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரி.

நேரில் வந்த கட்டணம், மூன்று முறை. வந்தது ஒரு முறை. மற்ற இரண்டு நாளும் உன் அத்தான் காலை நீட்டிக்கொண்டு வீட்டில்தான் இருந்தார், கொசுவைத் தவிர யாரும் வரவில்லை. அடுத்தது, லாரி காத்திருந்த கட்டணம். எங்கள் சந்தில் ஸ்கூட்டரைத் திருப்பினாலே இரண்டு பேர் ஜன்னலைத் திறந்து திட்டுவார்கள். அங்கே லாரி காத்திருந்ததாம். எங்கே, மொட்டைமாடியிலா? அடுத்தது சாமான் மதிப்பிட்ட கட்டணம். என் மெஷினுக்கு அவர்கள் போட்ட மதிப்பைவிட மதிப்புப் போட்ட கூலி அதிகம். இதையெல்லாம் டைப் அடித்து, சீல் குத்தி, கீழே ஒரு கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எழுதினவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

கடைசியில் உன் சமாச்சாரம். பூட்டை உடைத்துத் திறந்த கூலி. புதுப் பூட்டு பொருத்திய கூலி.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்துபோய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்து இப்போது மறுபடி எழுதுகிறேன்.

அது நீ போட்ட பூட்டுதான். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த வாரம் நீயே முட்டி போட்டு உட்கார்ந்து பொருத்தினாயே, அதே பித்தளைப் பூட்டு. கீழே உன் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கூட இருக்கிறது. என் கையில் இருப்பது அதே சாவி. ஜப்தி நடந்த நாளிலிருந்து தினமும் காலையில் இந்தச் சாவியால் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் இதே சாவியால் திறந்து உள்ளே வருகிறேன். திறக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டியிருக்கிறேன். உடைத்த பூட்டு எப்படித் திறக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. திட்டுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. நீயும் இல்லை, வேறு ஆளும் இல்லை. கதவு உள்பக்கமிருந்துதான் திறந்திருக்கிறது. அன்றைக்கு உள்ளே இருந்தது ஒரே ஒருத்தர்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டிக்கர் ஒட்டிய டிவியில்.

அக்கா

*

மார்ச் 18

அக்கா,

படித்தேன். என் பேரை எடுத்து இவ்வளவு சுலபமாக நடுத்தெருவில் போட்டுவிட்டாரே என்று அத்தான்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் பத்தாது. நேரில் வந்து நாலு கேள்வி கேட்க சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏனென்றால் நடந்தது என்ன என்று எனக்கு நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. புரிந்தபோது ஆத்திரம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இந்த ஆபீஸுக்கு நான் போகிற வேலையில் முக்கால்வாசி நேரம் பூட்டைத் தொடுவதே கிடையாது. என்னைக் கதவுக்கு எதிரில் நிற்கச் சொல்வார்கள். பையைத் திறந்து தரையில் வைக்கச் சொல்வார்கள், டிரில் மேலே தெரிகிற மாதிரி. அமீனா கதவைத் தட்டி, "பூட்டுக்காரன் வந்துட்டான். உடைச்சா அந்தச் செலவும் உங்க தலையில. நீங்களா திறந்துட்டா மிச்சம்" என்பார். உள்ளே இருப்பவர்கள் ஓட்டை வழியாகப் பார்ப்பார்கள். பையைப் பார்த்ததும் திறந்துவிடுவார்கள். என் கையில் காத்திருந்த காசு என்று கொஞ்சம் வைத்து அனுப்புவார்கள். வேலை செய்யாமல் கிடைக்கிற காசு என்று நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்த வீடுகளுக்கெல்லாம் பூட்டு உடைத்த கூலி என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்பது உன் கணக்கைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. உடைக்காத பூட்டுக்குக் கூலி, போடாத பூட்டுக்கும் கூலி. நான் பூட்டுக்காரன் இல்லை, வாசலில் கட்டிவைத்த பூச்சாண்டி. என் பையை வைத்து எத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பையைத் தூக்கவே பிடிக்கவில்லை.

கோர்ட்டில் பதிவாளரிடம் ஆட்சேபணை மனு கொடுக்கலாம் என்று கடைக்கு வருகிற டைப்பிஸ்ட் சொல்கிறார். கொடு. ஆனால் என் பெயரைப் போடாமல் முடியுமா பார். அந்த ஆபீஸ் வேலை போனால் சாவி வெட்டுவதில் கடை வாடகைக்கே இழுபறி. நான் கோழை என்று திட்டுவாய். திட்டிக்கொள்.

அத்தானை ரொம்பக் குடையாதே.

தம்பி

*

மார்ச் 23

தம்பி,

குடைந்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே.

சாவியை அவர் மடியில் போட்டேன். "இது எந்தப் பூட்டோட சாவி?" என்று கேட்டேன். அவர் டிவியை அணைத்தார். பிறகு, "கதவைத் திறந்தது நான்தான்" என்றார்.

"ஏன் என் தம்பின்னு சொன்னீங்க?"

"அவன் பையோட படியேறி வர்றத ஜன்னல் வழியா பார்த்தேன். என் மச்சானே வந்து நிக்கிறானேன்னு உடம்பு கூசிப்போச்சு. அப்புறம் கீழ சத்தம் கேட்டுது, என்னன்னு புரியல. அமீனா வந்து தட்டி, பூட்டுக்காரன் கீழ நிக்கிறான், நீயே திறந்தா காசு மிச்சம்னான். எப்படியும் அவன் திறக்கத்தானே போறான், அந்தச் செலவாவது மிஞ்சட்டும்னு திறந்தேன். நீ வந்து யார் திறந்ததுன்னு கேட்டப்ப, நானே அவங்கள உள்ள விட்டேன்னு சொல்ல வாய் வரல."

செலவை மிச்சம் பிடிக்கத் திறந்தாராம். அதற்கும் சேர்த்து பில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டு தட்டு உடைந்தது. அவற்றில் ஸ்டிக்கர் இல்லாததால் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

லீவு போட்டுவிட்டு அமீனா ஆபீஸுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கணக்கு கணக்குதாம்மா. மொதல்ல கட்டுங்க, ஆட்சேபணை இருந்தா அப்புறம் எழுதிக் குடுங்க" என்றான். லாரி எங்கள் சந்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன். "லாரி வரணும்னு இல்லம்மா, ரெடியா இருந்துதுல்ல" என்றான். அப்படியென்றால் ஊரில் ரெடியாக நிற்கிற எல்லா லாரிக்கும் நான்தான் காசு தரவேண்டுமா? அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நேராகக் கோர்ட்டுக்கு நடந்துபோய் மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணை. உன் அத்தான் கட்டுப் போட்ட காலோடு வந்து, நான்தான் திறந்தேன் என்று சொல்லப்போகிறார். வரமாட்டேன் என்றால் மூன்றாவது தட்டும் தயாராக இருந்தது.

இப்போது உன் விஷயம். உன் பெயரைப் போடாமல் முடியுமா என்கிறாய். போட்டது நானா? 'பூட்டுத் தொழிலாளி' என்று அவர்களே போட்டு, உன் கூலி என்று எழுதி, சீலும் குத்திவிட்டார்கள். உன்னை அவர்கள் எப்போதோ கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீ வாய் திறக்காவிட்டால் அது உண்மை என்றாகிவிடும். பூட்டு மாறவில்லை என்று நான் சொன்னால், பழைய பூட்டையே திரும்ப மாட்டிக்கொண்டாள் என்பார்கள். உன் அத்தான் சொன்னால், கடன்காரன் சொல்லாமல் இருப்பானா என்பார்கள். நீ சொன்னால்தான் நிற்கும்.

எனக்காக வா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. என் மெஷினுக்காக வா.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

அமீனா நேற்றுக் கடைக்கு வந்தார். ஒரு சாவியைக் கொடுத்து நகல் வெட்டச் சொன்னார். வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அக்கா வீட்டு விஷயம் கேள்விப்பட்டேன். குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும், அதெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நீ தொழில் பண்ற ஆளு" என்றார். அடுத்த மாதம் வேலை நிறைய வருகிறது என்றும் சொன்னார். சாவிக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார். கொடுக்க மறந்தார் என்று நினைக்கிறாயா?

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "போகாதன்னு நான் சொல்லல. அடுத்த மாசம் கடை வாடகைக்கு என்ன வழின்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள்.

கடையில் உட்கார்ந்தால் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். இவர்கள் வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேனா என்று தோன்றுகிறது. இதுவரை இப்படித் தோன்றியதே இல்லை. உன்னால் வந்த வினை.

வருவேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. வரமாட்டேன் என்று எழுதவும் கை ஓடவில்லை. இப்படியே தபாலில் போடுகிறேன்.

இன்னொன்று. இத்தனை கடிதத்திலும் நீ என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கேட்கவில்லை, சும்மா குறிப்பிட்டேன்.

தம்பி

*

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

கோர்ட்டில் நீ பேசி முடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பின்னால் ஓடிவந்தேன், அதற்குள் பஸ் ஏறிவிட்டாய். அதனால் மிச்சத்தை நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

பதிவாளர் உன்னிடம், திறக்காமல் உன்னை ஏன் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டபோது, "என்னைக் கூட்டிட்டுப் போறது திறக்கிறதுக்கு இல்லைங்க, காட்டுறதுக்கு" என்றாயே, அப்போது அமீனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுப் பூட்டு வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டார்கள், இல்லை. லாரி நம்பர் கேட்டார்கள், அதுவும் இல்லை. நீ போன பிறகு உன் அத்தானைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தே சொல்லுங்கள் என்றார் பதிவாளர். அவர் உட்காரவில்லை. கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்றுகொண்டு, "கதவைத் திறந்தது நான்தான். என் மச்சான் இல்ல" என்று சத்தமாகச் சொன்னார். கேட்டது ஒன்றுதான், இரண்டாவதை அவராகவே சொன்னார். நீ இருந்து கேட்டிருக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

பூட்டுக் கூலி இரண்டும் தள்ளுபடி. லாரி தள்ளுபடி. ஒரு தடவை வந்ததற்கும் மதிப்புப் போட்டதற்கும் மட்டும் கட்டவேண்டும், அதுவும் குறைத்துவிட்டார்கள். கடன் அப்படியேதான் இருக்கிறது, மாதாமாதம் கட்டச் சொல்லி ஜப்தியை நீக்கிவிட்டார்கள். மெஷின் என்னிடம் இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்துவிட்டேன், பசைதான் போகமாட்டேன் என்கிறது. தைக்கும்போது துணி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போதெல்லாம் அந்த ஆபீஸைத் திட்டுகிறேன். உன்னைத் திட்டிய பழக்கம், ஆளை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு பெண்ணும் ஒரு வயதான மனிதரும் என்னை வழிமறித்தார்கள். கையில் அதே சீல் குத்திய காகிதம். அவர்கள் வீட்டிலும் பூட்டு உடையவில்லையாம், கூலி மட்டும் வந்திருக்கிறதாம். "பையோட வந்தவர் எங்களுக்கும் வந்து சொல்வாரா?" என்று கேட்டார்கள். நான் உன்னைக் கேட்காமலே, சொல்வான் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

உன் வீட்டுக்காரியிடம் போனில் பேசினேன். ஆபீஸ்காரர்கள் இனி வரவேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்களாமே. அவளுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். வாடகையைப் பற்றி மட்டும் கேட்டாள். அதை இரண்டு வீடுமாகச் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். லாண்டரியில் ஊழியர்கள் அறைக்கு லாக்கர் பூட்டெல்லாம் மாற்றப்போகிறார்கள், மேனேஜரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்டிருக்கிறேன்.

நீ குறிப்பிட்டதற்கு வருகிறேன். யார் என்ன சொன்னாலும், என் தம்பி அதைச் செய்யமாட்டான் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. அது எனக்கு இந்த ஜப்தியைவிடப் பெரிய அவமானமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் வா, அவளையும் கூட்டி வா. பையையும் எடுத்து வா. பில்லில் எழுதியிருந்த அந்தப் புதுப் பூட்டு இன்னும் எங்கள் கதவுக்கு வரவில்லை. நீ வந்து போட்டுவிடு. கூலி வாங்காமல் போகக்கூடாது.

வந்ததும் கதவைத் தட்டினால் போதும். உன் அத்தான் திறப்பார். அவருக்குத்தான் அதில் அனுபவம் இருக்கிறதே.

அக்கா